எந்த நாளின் ஒரிஜினல்?

'த்ரீ நாட் த்ரீ' என்று சொன்னால் என் வயதுக்காரர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. வங்கி வாசல், கருவூலம், வாக்குச்சாவடி, கோயில் தேரோட்டம் என்று எங்கே போலீஸ்காரர் நின்றாலும் அவர் தோளில் தொங்கியது அந்த ரைஃபிள்தான். கல்லூரி நாட்களில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் அதைச் சுமந்து பரேடு செய்து தோள்பட்டை காய்த்தவர்கள். இன்றைய பேரப்பிள்ளைகளுக்கு அது பழைய சினிமாவில் வரும் மரக்கட்டைத் துப்பாக்கி, அவ்வளவுதான்.

நான் 22 ஆண்டுகள் ராணுவத்தில் ஆர்மரராக இருந்தவன். ஆர்மரர் என்றால் ஆயுதங்களைப் பழுது பார்க்கிறவர். 1971-இல் இ.எம்.இ. பிரிவில் சேர்ந்து, செகந்திராபாத்தில் பயிற்சி முடித்து, பல பட்டாலியன்களோடு சுற்றிவிட்டு 1993-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். மங்கலத்துக்குத் திரும்பியபின் பனியன் கம்பெனிகளில் நிட்டிங் மெஷின் மெக்கானிக்காக இன்னொரு 20 ஆண்டுகள். கையில் ஏறி இறங்கிய ஆயுதங்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் ஒரே ஒரு ரைஃபிளைத்தான் 'பழுது பார்' என்று சொல்லாமல், 'ஒரிஜினல் நிலைக்குக் கொண்டு வா' என்று சொல்லிக் கொடுத்தார்கள். அது வேறு மாதிரியான வேலை. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

முதலில் அந்த ரைஃபிளின் ஜாதகம்.

லீ என்ஃபீல்டு மார்க் 3 என்ற மாடலை 1907-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது. முதல் உலகப் போர் நடக்கும்போது ஆயிரக்கணக்கில் வேகமாகச் செய்ய வேண்டியிருந்ததால் சில உறுப்புகளைக் குறைத்தார்கள். அப்படிக் குறைத்த மாடலுக்கு 'மார்க் 3 ஸ்டார்' என்று பெயர். குழலின் உள் அளவு .303 அங்குலம், அதாவது சுமார் 7.7 மில்லிமீட்டர். நீளம் 44 அரை அங்குலம். எடை ஏறக்குறைய 4 கிலோ. மேகசினில் 10 குண்டுகள்.

நம் நாட்டில் இதைச் செய்த இடம் கல்கத்தாவுக்கு வடக்கே, பாரக்பூருக்குப் பக்கத்தில் உள்ள இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை. சுதந்திரத்துக்கு முன்னால் வந்த ரைஃபிள்களில் கிரீடமும் ஜி.ஆர்.ஐ. எழுத்துகளும் இருக்கும். குடியரசான பின்பு வந்தவற்றில் அசோகச் சின்னமும் ஆர்.எஃப்.ஐ. எழுத்துகளும் இருக்கும். அந்த முத்திரையைப் பார்த்தாலே எந்தக் காலத்துப் பிள்ளை என்று சொல்லிவிடலாம்.

நம்ம பக்கத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. குன்னூர் போகும் வழியில் அருவங்காட்டில் இருக்கும் வெடிமருந்துத் தொழிற்சாலையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 'கார்டைட் ஃபேக்டரி' என்று ஏன் பெயர் வந்தது என்று பலருக்குத் தெரியாது. கார்டைட் என்பது நூடுல்ஸ் போல நூல் நூலாக இருக்கும் புகையில்லா வெடிமருந்து. .303 தோட்டாவுக்குள் இருந்தது அதுதான். நூறு வருஷத்துக்கு மேலாக நீலகிரியில் நடக்கிற தொழிற்சாலை அது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

1986-ஆம் வருஷம். வடக்கே ஒரு காலாட்படை பட்டாலியனோடு என்னை இணைத்திருந்தார்கள். அப்போது ஜவான்கள் கையில் இருந்தது எஸ்.எல்.ஆர். ரைஃபிள். .303 எல்லாம் ஏற்கெனவே பின்னுக்குப் போய்விட்டது. ஆயுதக் கிடங்கின் மூலையில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. குவார்ட்டர் கார்டில் அலங்காரத்துக்கு நின்று நின்று அதன் கோலமே மாறியிருந்தது. மரத்தின் மேல் பளபளவென்று வார்னிஷ். இரும்பு முழுக்கக் கறுப்பு எனாமல் பெயின்ட். முன்முனையில் இருக்கும் நோஸ் கேப்புக்கு சைக்கிள் ஹேண்டில் பார் போலக் குரோமியம் பூச்சு. நடுவில் முன்கட்டையைச் சுற்றி நெருக்கமாகச் செப்புக் கம்பி, அதன் மேலும் பெயின்ட்.

பட்டாலியன் எழுப்பப்பட்ட நாள் விழா வந்துகொண்டிருந்தது. அதிகாரிகள் மெஸ்ஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் இதை வைக்க வேண்டும் என்று சி.ஓ. சாபுக்கு ஆசை. நல்ல மனிதர், படிக்கிறவர். ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை விரித்து, 1914-ஆம் வருஷத்து லீ என்ஃபீல்டின் படத்தைக் காட்டினார். "இப்படி இருக்க வேண்டும். ஒரிஜினல்" என்றார்.

வேலையை எனக்கும், வொர்க்‌ஷாப்பில் இருந்த சுபேதார் ஒருவருக்கும் கொடுத்தார்கள். அவர் பஞ்சாபி. ஓய்வுக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. நாங்கள் எல்லோரும் அவரை 'உஸ்தாத்' என்றுதான் கூப்பிடுவோம்.

உஸ்தாத் முதல் நாள் ஸ்க்ரூ டிரைவரைக்கூடத் தொட விடவில்லை. ஒரு காகிதத்தைக் கொடுத்து, "பேட்டா, முதலில் இது தன்னைப் பற்றி என்ன சொல்கிறதோ அதை எழுது" என்றார்.

லீ என்ஃபீல்டில் ஒரே நம்பரைப் பல உறுப்புகளில் அடித்திருப்பார்கள். பாடி, குழல், போல்ட் கைப்பிடி, பின் குறிகாட்டி, நோஸ் கேப் என்று எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துத் தேடினேன். பாடியில் கிரீடமும் 1942 என்ற வருஷமும் இருந்தன. போல்ட் நம்பர் பாடியோடு பொருந்தியது. குழலில் 1956 என்று இருந்தது. நோஸ் கேப் வேறொரு ரைஃபிளுடையது. மரத்தில் இரண்டு நம்பர், ஒன்றைக் குறுக்கே அடித்துவிட்டு இன்னொன்று.

அதாவது இரண்டாம் உலகப் போர் நடுவில் பிறந்து, 14 வருஷம் சுட்டுக் குழல் தேய்ந்து, புதுக் குழல் மாற்றி, எங்கேயோ நோஸ் கேப் அடிபட்டு மற்றொன்றிலிருந்து கழற்றிப் போட்டு, கட்டை உடைந்து வேறு கட்டை ஏறி, கடைசியில் எங்கள் கிடங்குக்கு வந்திருக்கிறது. காகிதத்தை உஸ்தாதிடம் கொடுத்தேன். பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிரிக்கும்போது ஒரு கேள்வி கேட்டார். "முதலில் எதைக் கழற்றுவாய், பின்கட்டையா, முன்கட்டையா?" இது ஆர்மரர்களுக்கு வைக்கும் பழைய பரீட்சை. பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீளமான போல்ட்டின் நுனி சதுரமாக இருக்கும். அது முன்கட்டையில் உள்ள ஒரு தகட்டுக்குள் மாட்டியிருக்கும். முன்கட்டை இருக்கும்போதே அந்தப் போல்ட்டைத் திருகினால், சதுர நுனி சுழன்று மரத்தைப் பிளந்துவிடும். ஆகவே முன்கட்டைதான் முதலில். பின்கட்டையின் தகட்டுக் கதவைத் திறந்தபோது உள்ளே பித்தளை எண்ணெய்ப் புட்டியும், சுருட்டிய புல்த்ரூ கயிறும் இருந்தன. எண்ணெய் பிசினாக உறைந்திருந்தது.

புல்த்ரூ என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத் தோட்டாவின் பற்றவைக்கும் மருந்து குழலுக்குள் ஒருவித உப்பை விட்டுவிடும். உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய் போட்டு வைத்தாலும் அடியில் துரு பிடிக்கும். அதனால் சுட்டு முடித்ததும் புனல் வைத்துக் கொதிக்கும் நீரைக் குழலுக்குள் ஊற்றுவோம். பிறகு கயிற்றில் 'சிந்தி' என்ற துணித் துண்டைக் கட்டி இழுத்துத் துடைத்து, கடைசியில்தான் எண்ணெய். துணி நெய்த துணியாக இருக்க வேண்டும். நம்மூர் பனியன் வேஸ்ட் ஒத்து வராது. இழுத்தால் நீண்டு மெலிந்து, நடுக்குழலில் சுருண்டு மாட்டிக்கொள்ளும். லீவு முடிந்து போகும்போது ஒருமுறை ஊரிலிருந்து ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் கொண்டுபோனேன். மெஷின் துடைக்க மட்டும் பயன்பட்டது.

வார்னிஷும் பெயின்ட்டும் எடுப்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் உப்புத்தாளைத் தொடக் கூடாது என்றார் உஸ்தாத். உப்புத்தாள் அழுக்கோடு சேர்த்து முத்திரையையும் தின்றுவிடும். கரைப்பான் தடவி, மரச் சீவலால் மெதுவாகச் சுரண்டினோம். மரத்தில் விழுந்த பள்ளங்களுக்கு அவர் காட்டிய வைத்தியம் நம்மூர் அயர்ன் டேபிள்காரர்களுக்குப் பிடிக்கும். ஈரத் துணியைப் பள்ளத்தின் மேல் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்க வேண்டும். ஆவி உள்ளே போய், நசுங்கிய மரநார் உப்பி மேலே எழும். நார் அறுந்துபோன வெட்டு எழும்பாது, நசுங்கியது மட்டும் எழும்பும். பிறகு காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்க்க வேண்டும். நாளுக்கு ஒரு தடவை வீதம் இரண்டு வாரம் தேய்த்தோம். வார்னிஷின் கண்ணாடி மினுமினுப்பு போய், பழைய வீட்டுத் தூணுக்கு இருக்குமே, அப்படி ஒரு அமைதியான பளபளப்பு வந்தது.

தகராறு வந்தது இரண்டு இடத்தில்.

ஒன்று, சி.ஓ. சாப் காட்டிய படத்தில் ரைஃபிளின் இடப் பக்கத்தில் வட்டமான ஒரு குறிகாட்டி இருந்தது. கூட்டமாக ஒரே நேரத்தில் மிகத் தூரத்து இலக்கை நோக்கிச் சுடுவதற்காகப் வைத்தது. பார்க்க அழகாக இருக்கும். போர் நடுவில் குறைத்த உறுப்புகளில் அதுவும் ஒன்று. எங்கள் ரைஃபிள் 1942-இல் பிறந்த மார்க் 3 ஸ்டார். அதற்கு அது பிறவியிலேயே கிடையாது. பொருத்த வேண்டும் என்றால் மரத்தைக் குடைந்து புதிதாக ஒன்றைச் செய்து வைக்க வேண்டும். எனக்கு அப்போது 30-ஐத் தாண்டிய வயது. கைவேலையில் ஆசை. லேத்தில் செய்துவிடலாம் என்றுதான் தோன்றியது.

இரண்டாவது, செப்புக் கம்பி. ரைஃபிளின் முனையில் ஒரு கிண்ணம் மாட்டி, அதில் 36-ஆம் நம்பர் கையெறி குண்டை வைத்து, குண்டில்லாத தோட்டாவால் எறியும் முறை ஒன்று இருந்தது. அதன் உதை சாதாரண உதை அல்ல. தோளில் வைத்துச் சுட முடியாது, பின்கட்டையைத் தரையில் ஊன்றித்தான் எறிய வேண்டும். அந்த உதையில் முன்கட்டை பிளந்துவிடும். அதைத் தாங்கத்தான் மரத்தைச் சுற்றிச் செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, ஈயம் வைத்துப் பற்றவைப்பார்கள். புத்தகப் படத்தில் அந்தக் கம்பி இல்லை. முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகும் இருந்தது. நம் நாட்டு வெயிலுக்கும் வறட்சிக்கும் மரம் சுருங்கிப் பிளக்காமல் இருக்க இஷாப்பூர்காரர்கள் போட்ட திருகு அது. படத்தில் அதுவும் இல்லை. சி.ஓ. சாப், "கம்பியை அவிழ்த்துவிடுங்கள், திருகை எடுத்துவிட்டு ஓட்டையை அடையுங்கள்" என்றார்.

மறுநாள் காலை உஸ்தாத் என்னையும் கூட்டிக்கொண்டு சி.ஓ. அலுவலகத்துக்குப் போனார். சல்யூட் அடித்தார். சட்டைப் பையிலிருந்து நான் எழுதிய காகிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"சாப், ஒரிஜினல் என்கிறீர்கள். எந்த நாளின் ஒரிஜினல்?"

சி.ஓ. சாப் நிமிர்ந்து பார்த்தார்.

"1914 என்றால் இது அப்போது பிறக்கவே இல்லை. 1942 என்றால் குழலை எடுத்துவிட வேண்டும், அது 56. நோஸ் கேப்பை எடுக்க வேண்டும், அது யாருடையதோ. மரத்தை எடுக்க வேண்டும். மிச்சம் இருப்பது பாடியும் போல்ட்டும். அதை வைக்கவா கண்ணாடிப் பெட்டி?"

அவர் குரல் உயரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். "இந்தக் கம்பியை நான் சுற்றினேன் என்று சொல்லவில்லை, சாப். ஆனால் இந்த மாதிரிக் கம்பி நான் நிறையச் சுற்றியிருக்கிறேன். 62-இல் நம் பையன்கள் மலை மேல் போனது இந்த ரைஃபிளோடுதான்."

அறையில் யாரும் பேசவில்லை. 1962 சீனப் போரில் நம் ஜவான்கள் கையில் இருந்தது பெரும்பாலும் .303 என்பது அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரியும். எதிரியின் கையில் தானியங்கித் துப்பாக்கிகள். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ளிக்கொண்டு, உறைபனியில் நின்றவர்கள் நம்மவர்கள். அதற்குப் பிறகுதான் அவசர அவசரமாக எஸ்.எல்.ஆர். வந்தது. இஷாப்பூரிலேயே இதே லீ என்ஃபீல்டை 7.62 தோட்டாவுக்கு மாற்றி, 12 குண்டு மேகசினோடு 2ஏ என்றும் 2ஏ1 என்றும் செய்தார்கள்.

சி.ஓ. சாப் காகிதத்தை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு, "கம்பி இருக்கட்டும். குரோமியத்தையாவது எடுப்பீர்களா, இல்லை அதற்கும் ஒரு கதை இருக்கிறதா?" என்றார். உஸ்தாத் சிரித்துவிட்டார். "அதற்கும் இருக்கிறது சாப். ஆனால் அந்தக் கதை பரேடு மைதானத்துக் கதை" என்றார். குரோமியம் போயிற்று. வட்டக் குறிகாட்டி வரவில்லை. திருகு அதன் இடத்திலேயே இருந்தது. கம்பியின் மேல் இருந்த பெயின்ட்டை மட்டும் எடுத்தோம். அடியில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே மயிரிழை நுழையாது. அப்படி ஒரு கை. யார் கை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

சுடும் ஊசியைக் கழற்றித் தனியாகக் கணக்கில் வைத்துவிட்டு, ரைஃபிளைப் பெட்டிக்குள் வைத்தோம். அருகில் வைத்த அட்டையில் நான் எழுதிய பட்டியலையே சி.ஓ. சாப் டைப் அடிக்கச் சொன்னார்: பாடி 1942, குழல் 1956, நோஸ் கேப் வேறொன்றிலிருந்து, கம்பிச் சுற்று படைப் பயன்பாட்டில் சேர்த்தது. பித்தளைப் பின்தகட்டை மட்டும், ஜெனரல் யாராவது வருகிறார் என்றால், பிராஸ்ஸோ போட்டுத் தங்கமாக்கிவிடுவார்கள். அதை உஸ்தாதாலும் தடுக்க முடியவில்லை.

பின்னாளில் இதுபற்றி நிறையப் படித்தேன். ஆஸ்திரேலியா, கனடா, இங்கிலாந்து நாடுகளில் போருக்குப் பிறகு இந்த ரைஃபிள்களை மலிவாக விற்றார்கள். வேட்டைக்காரர்கள் எடை குறைய முன்கட்டையைப் பாதியில் அறுத்து வீசிவிட்டார்கள். அவர்கள் பேரன்கள் இப்போது உறுப்பு உறுப்பாகத் தேடி வாங்கி, பழைய ராணுவ உருவத்துக்குத் திருப்புகிறார்கள். அறுத்த மரம் ஒட்டாது, வேறு ரைஃபிளின் மரம்தான் வர வேண்டும். அதில் எனக்குக் குறை ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் நம் நாட்டிலிருந்து அங்கே போன ரைஃபிள்களில் செப்புக் கம்பியை அவிழ்த்து, இஷாப்பூர் திருகைப் பிடுங்கி, 'ஒரிஜினல் ஆக்கினேன்' என்று சொல்லும்போது மனசு கொஞ்சம் வலிக்கிறது. அவர்கள் அழுக்கு என்று எடுப்பது நம்மாட்கள் செய்த வேலை.

நம் நாட்டில் அந்த வேலைக்கு வாய்ப்பில்லை. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி .303 தனியார் வைத்துக்கொள்ள முடியாத ரகம். லைசென்ஸ்காரர்களுக்கு இஷாப்பூர் செய்து கொடுத்தது .315 ரைஃபிள். அதற்கும் முன்பு வெள்ளைக்காரன் இன்னொன்று செய்தான். போலீஸ்காரர் கையில் கொடுக்கும் .303-ஐ நம்பாமல், குழலைக் குடைந்து .410 மஸ்கட் ஆக்கி, மேகசினையும் அடைத்து, ஒரு தடவைக்கு ஒரு குண்டு என்று ஆக்கிக் கொடுத்தான். அப்படிப்பட்ட ஒன்றைத் திரும்ப .303 ஆக்கினால், நம்மை அவன் எப்படிப் பார்த்தான் என்பதற்கான சாட்சியமும் சேர்ந்து போய்விடும்.

.303-இன் பணிக்காலம் மிக நீண்டது. 2008 மும்பைத் தாக்குதலின்போது ரயில் நிலையத்தில் போலீஸ்காரர்கள் கையில் அது இருந்ததை டி.வி.யில் பார்த்துப் பதறினோம். உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான் அதற்கு விடை கொடுத்தது.

பனியன் கம்பெனி வேலையிலும் உஸ்தாதின் காகிதம் எனக்கு உதவியது. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய நிட்டிங் மெஷினைத் திறந்தால், பாதி உறுப்பு கோயமுத்தூர் பட்டறையில் செய்ததாக இருக்கும். "ஒரிஜினல் பார்ட் போடுங்க" என்பார் முதலாளி. "ஏனுங்க, இது 15 வருஷமா இந்தப் பார்ட்லதான் ஓடுது. இதைச் செஞ்சவரு மெஷினு செஞ்சவனுக்குக் குறைஞ்சவரு இல்லீங்க" என்பேன். தேய்ந்திருந்தால் மாற்றுவேன், இல்லையென்றால் எழுதி வைத்துவிட்டு மூடிவிடுவேன்.

ராட்டை, சுவர்க்கடிகாரம், கைத்தறி நாடா, தாத்தாவின் பெட்டி என்று நம்மில் பலர் வீட்டில் ஏதாவது ஒன்று பரணில் கிடக்கும். பேரனோ மருமகனோ பாலிஷ் போடக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு காகிதம் எடுத்து, அதில் எது எப்போது யார் சேர்த்தது என்று தெரிந்தவரை எழுதி வையுங்கள். கழற்றிய உறுப்பைத் தூக்கி எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். தாத்தாவின் பொருள் லைசென்ஸ் துப்பாக்கியாக இருந்தால் மட்டும் இதில் எதையும் செய்யாதீர்கள். லைசென்ஸ்காரர் காலமானதும் அதைப் போலீஸ் நிலையத்திலோ அனுமதி பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். ரசீதைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.